காட்டிக்கொடுத்தலும் இரவல் கொடுத்தலும்: 'படிக்கும் உரிமை' என்னும் சிறுகதை பற்றிய ஒரு திறனாய்வு

திடப்படுத்தல் வகுப்பிற்கு வரும் பிள்ளைகளிடம் நாம் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. "நீ சொல்லப்போகும் வாக்குறுதியின் பொருளை உணர்ந்திருக்கிறாயா?" என்பதே அது. பொருளுணராமல் சொல்லப்படும் 'ஆம்' வாக்குறுதியாகாது என்று பல வாரங்கள் கற்பிக்கிறோம். அவ்வாறு கற்பித்துவிட்டு வீடு திரும்பும் நாமே, கைப்பேசியில் புதிய மென்பொருளொன்றை நிறுவும்போது, பக்கம் பக்கமாக நீளும் ஒப்பந்தத்தின் ஒரு வரியையும் படியாமல் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்னும் கட்டத்தைத் தொட்டுவிடுகிறோம். ஆயர், பேராசிரியர், மாணவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. பொருளுணராமல் உறுதிமொழி கூறுவதில் நாமனைவரும் ஒரே சபையினரே.

இவ்வழக்கத்தை நகைத்தும் எச்சரித்தும் வந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இவர், 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்தறியவும், திருத்தவும், அயலாருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1997 பிப்ரவரியில், கணிப்பொறியியலாளர் சங்கமாகிய ஏ.சி.எம். நடத்தும் இதழில், 'படிக்கும் உரிமை' என்ற சிறுகதையொன்றை இவர் வெளியிட்டார். அளவிற் சிறியதாயினும், நூல்களால் வாழும் நமக்கு அது விடுக்கும் வினா சிறியதன்று. ஆகவே அதனை ஈண்டுச் சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

1. கதைப்பொருள்

கதை 2047ஆம் ஆண்டில் நிகழ்கிறது. டான் என்னும் கல்லூரி மாணவனிடம் லிசா என்னும் மாணவி வந்து, அவனுடைய கணிப்பொறியை இரவல் கேட்கிறாள். அவளுடையது பழுதாகிவிட்டது; வேறொன்று கிடைக்காவிடில் தேர்வுப் பணியில் தோல்வி உறுதி. டான் திகைக்கிறான். கணிப்பொறியைக் கொடுத்தால் அதிலுள்ள தன் நூல்களை அவள் படித்துவிடக்கூடும். பிறர் படிக்குமாறு நூலைக் கொடுப்பது பல்லாண்டுச் சிறைக்குரிய குற்றம். நூலைப் பகிர்வோர் கொள்ளையர் என்று தொடக்கப்பள்ளி முதல் அவன் கற்பிக்கப்பட்டிருக்கிறான். ஒவ்வொரு நூலும் யாரால், எப்போது படிக்கப்படுகிறது என்பதை மைய அலுவலகமொன்றுக்குக் கணிப்பொறியே அறிவித்துவிடுகிறது.

டானுக்கு அவள்மேல் அன்பு உண்டு, அச்சமும் உண்டு. முடிவில் அவன் கணிப்பொறியை மட்டுமன்றித் தன் கடவுச்சொல்லையும் அவளிடம் சொல்லிவிடுகிறான். அவள் படித்தால் அவனே படிப்பதாக அலுவலகம் எண்ணிக்கொள்ளும். இனி அவனைக் காட்டிக்கொடுக்கக்கூடியவள் அவள் ஒருத்தியே. அவள் காட்டிக்கொடுக்கவில்லை. இருவரும் பின்னர் மணம்புரிந்து, நிலவுலகில் குடியேறுகின்றனர். அங்கே எழும் கிளர்ச்சியின் தலையாய நோக்கங்களுள் ஒன்றாகப் படிக்கும் உரிமை அமைகிறது.

கிளைப்பாத்திரம் ஒன்றும் உண்டு. பிராங்க் என்னும் மாணவன், நிரல்களின் உட்பகுதியை ஆராயும் கருவியொன்றை வைத்திருந்து, அதன் துணையால் கட்டணமின்றிப் படித்தான். நண்பர் பலரிடம் அதைச் சொன்னான். அவர்களில் ஒருவன் வெகுமதிக்காக அவனைக் காட்டிக்கொடுத்தான். அவன் சிறையிலிருப்பது படித்ததற்காகவன்று; கருவியை வைத்திருந்ததற்காக.

2. முன்னறிவிப்பும் நிகழ்வும்

கதை வெளிவந்த மறு ஆண்டே, 1998 அக்டோபரில், அமெரிக்காவில் இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டமொன்று, மின்னூல் முதலியவற்றின் பூட்டுகளைத் திறப்பதையும் திறக்கும் கருவிகளைப் பரப்புவதையும் குற்றமாக்கிற்று. 2001 ஜூலையில் டிமித்ரி ஸ்கிலியாரொவ் என்னும் இரஷ்ய நிரலாளர், மாநாடொன்றில் உரையாற்ற லாஸ் வேகாஸ் வந்தபோது கைதுசெய்யப்பட்டார். மின்னூல் பூட்டுகளை நீக்கும் மென்பொருளை உருவாக்கியதே அவர்மீதான குற்றச்சாட்டு. பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார். அவருடைய நிறுவனத்தையும் 2002 டிசம்பரில் நடுவர் குழு குற்றமற்றதெனத் தீர்ப்பளித்தது. ஆயினும் பிராங்கின் கதை வெறுங்கற்பனை என்று அதன்பின் யாரும் சொல்லவியலாது.

2009 ஜூலையில் நிகழ்ந்ததோ எந்த நகைச்சுவையாளரும் புனையத் துணியாதது. அமேசான் நிறுவனம் விற்ற சில மின்னூல்களின் உரிமை முறையானதன்று எனத் தெரியவந்தது. உடனே அந்நிறுவனம், பணம் கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளுக்குள்ளிருந்தே அந்நூல்களைத் தொலைவிலிருந்து அழித்து, பணத்தைத் திருப்பிக்கொடுத்தது. அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. ஆவணங்களை அரசு தடமின்றி அழிப்பதைச் சித்திரிக்கும் நாவல், தானே தடமின்றி அழிந்தது! நிறுவனத் தலைவர் பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். எனினும் ஒரு பள்ளி மாணவன் அந்நூலுக்கு எழுதிவைத்த குறிப்புகள், சுட்டும் பக்கங்களை இழந்து பயனற்றுப்போயின.

2019ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியது. அவ்வாண்டு ஜூலையில், விற்ற நூல்கள் யாவும் திறவாமற்போயின. பணம் முழுதும் திருப்பித் தரப்பட்டது. நூல்களில் குறிப்பெழுதி வைத்திருந்தோர்க்கு மேலும் 25 டாலர். பல்லாண்டு ஓரக்குறிப்பு எழுதிப் பழகிய நம்மனோர்க்கு, சிந்தனையின் சந்தை விலை அன்று தெரியவந்தது.

இவற்றிற்கெல்லாம் வேர் ஒன்றே. அச்சு நூலை நாம் வாங்குகிறோம். மின்னூலைப் பெரும்பாலும் வாங்குவதில்லை, படிப்பதற்கான உரிமத்தையே பெறுகிறோம். அச்சு நூலையும் இவ்வாறு கட்ட முயன்றோர் முன்னரே இருந்தனர். அமெரிக்கப் பதிப்பகமொன்று, இந்நூலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்பது உரிமை மீறல் என்று நூலிலேயே அச்சிட்டது. மேசி என்னும் கடையினர் அதனை 89 காசுக்கு விற்றனர். 1908ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றம் கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. விற்ற நூலின்மேல் விற்றவருக்கு அத்தகைய ஆளுகை இல்லை என்பது அதன் சாரம். அந்த நீதி அச்சுநூலோடு நின்றுவிட்டது. உரிமத்தை 'வாங்குதல்' என்று விளம்பரம் செய்வோர் உண்மையைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

எனினும், நிகழ்ந்தது என்பதால் மட்டும் ஒரு படைப்பைச் சிறந்ததென்று நாம் கொள்ளலாகாது. தீர்க்கதரிசனம் வருவதுரைத்தலன்று, நிகழ்காலத்தின் அநீதியை வெளிப்படுத்துதலே என்று பழைய ஏற்பாட்டு வகுப்பில் நாம் ஓயாது சொல்கிறோம். அந்த அளவுகோலால் பார்க்கையில் இக்கதையின் ஆற்றல் அதன் கருவிகளில் இல்லை. ஒரு சட்டம், இரவல் கேட்கும் அயலாரைச் சோதனைக்காரராக மாற்றிவிடும் கொடுமையைக் காட்டுவதில் இருக்கிறது. லிசா கேட்கையில் டானின் மனத்தில் இரக்கம் மட்டும் எழவில்லை. இவள் தன் நூல்களைப் படித்துவிடுவாளோ என்னும் அச்சமும் எழுகிறது.

3. அங்கியும் ஒளிவட்டமும்

ஸ்டால்மனுடைய மற்றொரு நகைச்சுவையை இதனோடு ஒப்பிடுவது பயன் தரும். சொற்பொழிவுகளின் முடிவில் இவர் நீண்ட அங்கியணிந்து, பழைய கணிப்பொறியின் வட்டத்தட்டைத் தலையில் ஒளிவட்டமாகச் சூடி, 'புனித இக்னூசியஸ்' என்ற பெயரில் தோன்றுவதுண்டு. தாம் உருவாக்கிய 'ஈமாக்ஸ்' என்னும் பதிப்புக் கருவியின் பெயரால் ஒரு திருச்சபையையும் கண்டிருக்கிறார்! போட்டிக் கருவியின் பெயர் 'வீ.ஐ.'. அதை மும்முறை எழுதி உரோமை எண்ணாகப் படித்தால் திருவெளிப்பாட்டின் மிருகத்திற்குரிய எண் வருகிறது என்பது இவர் கண்ட விவிலிய விளக்கம். நம் ஊர்க் கூட்டங்களில் இதனினும் நலிந்த ஆதாரத்தோடு அவ்வெண்ணை விளக்கக் கேட்டிருக்கிறோம்.

இதனால் நமக்குச் சினமில்லை. தன் அங்கியைக் கண்டு தானே சிரிக்கவியலாத ஆயர் பிறர் சிரிப்பதையும் தாங்கமாட்டார். நம் குறை வேறு. அந்த வேடிக்கைச் சபையில் புனிதராவதற்கு நிபந்தனை, தம் ஆளுகையிலுள்ள கணிப்பொறிகளிலிருந்து கட்டுண்ட மென்பொருள்களைப் பேயோட்டுவதுபோல் விரட்டுதல். நகைப்புக்குள் இருப்பது தூய்மைக் கோட்பாடு. தூயோர் மட்டுமே சபை என்ற குரலை நான்காம் நூற்றாண்டில் தோனாத்தியரிடம் திருச்சபை கேட்டது. 303ஆம் ஆண்டு தியோக்கிலேத்தியன் கட்டளைப்படி மறைநூல்களை அரசிடம் ஒப்புக்கொடுத்த குருக்களை மக்கள் 'ஒப்புக்கொடுத்தோர்' என்று இகழ்ந்தனர். அவ்விலத்தீன் சொல்லின் வழியிலேயே துரோகி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. மரபைக் கையளித்தலைக் குறிக்கும் சொல்லுக்கும் வேர் அதுவே.

தமிழிலும் 'கொடு' என்னும் ஒரே வினை காட்டிக்கொடுத்தலுக்கும் இரவல் கொடுத்தலுக்கும் பொதுவாக நிற்கிறது. கதையில் பிராங்கின் நண்பன் கொடுத்தது ஒரு கொடை; டான் கொடுத்தது மற்றொரு கொடை. டான் தூயவனல்லன், அஞ்சுகிறான், தயங்குகிறான், தன் கணிப்பொறியில் எதையும் தூய்மைப்படுத்தவில்லை. அயலாள் ஒருத்தியின் தேவைக்காகத் தன்னை அவள் கையில் ஒப்புவிக்கிறான். ஒளிவட்டம் சூடிய புனிதரைவிட இந்தக் கோழை மாணவன் நற்செய்திக்கு நெருங்கியவன் என்பது நம் துணிபு. ஆசிரியரும் புனிதரல்லர். தாம் தெரிவித்த சில கருத்துகளுக்கு எழுந்த கடுங்கண்டனத்தால் 2019இல் பல்கலைக்கழகப் பணியினின்றும் தாம் நிறுவிய அறக்கட்டளையின் தலைமையினின்றும் விலகினார். 2021இல் அதன் ஆட்சிக்குழுவிற்குத் திரும்பினார். படைப்பை எடைபோட அவருடைய புனிதம் நமக்குத் தேவையுமில்லை.

4. கதையின் குறைகள்

முதலாவது, உவமையைச் சொல்லியபின் ஆசிரியர் நிறுத்தவில்லை. நீண்டதோர் ஆசிரியர் குறிப்பைச் சேர்த்துப் பலமுறை புதுப்பித்திருக்கிறார். கேட்போர்மேல் நம்பிக்கையின்றி உவமைக்கு விளக்கமும், விளக்கத்திற்கு விளக்கமும் கூறுவது பிரசங்கிகளாகிய நமக்கும் பழகிய பலவீனமே.

இரண்டாவது, எழுத்தாளனின் கூலியைக் கதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. படிப்போர் செலுத்தும் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்தே ஆய்வாளருக்குச் சேர்கிறது என்று எள்ளுகிறது. எள்ளல் நியாயமானதே. (இவ்விதழில் எழுதுவோர்க்கு அதுவுமில்லை, இரண்டு படிகள் மட்டுமே!) ஆனால் வேலையாள் தன் கூலிக்குத் தகுதியுள்ளவன் என்னும் போதனையை நாம் ஒதுக்கவியலாது. ஒருவர் பத்தாண்டு உழைத்து எழுதிய விரிவுரையை, நாம் விடுதியில் முழுதுமாக ஒளிநகல் எடுத்து 'பகிர்தல்' என்று பெயரிட்டதுண்டு. அது இரவலன்று. இரவலில் கொடுப்பவர் எதையோ இழந்து நிற்கிறார். அலமாரியில் ஓர் இடைவெளி விழுகிறது. படியெடுத்தலில் இழப்பவர் ஆசிரியர் மட்டுமே. இவ்வேறுபாட்டைக் கதை ஆராயவில்லை.

மூன்றாவது, தீர்வு நிலவில் கிடைக்கிறது. தப்பியோட இடமற்ற சிற்றூர்ச் சபைக்கு நிலவு பயன்படாது.

5. நம் நூலகம்

சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரி நூலகம், வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் மின்வடிவ விரிவுரைத் தொகுதியொன்றைச் சந்தா முறையில் பெற்றது. இடம் மிச்சமாகும் என்று, அடுக்கிலிருந்த பழைய பதிப்புகளில் சிலவற்றைக் கழித்தோம். மூன்றாம் ஆண்டு சந்தா உயர்ந்தது, செலுத்தவியலவில்லை. ஒரு காலை தொகுதி முழுதும் மறைந்தது. ஆய்வேட்டின் நடுவிலிருந்த மாணவர் ஒருவர், தாம் காட்டிய மேற்கோள்களைச் சரிபார்க்க வழியின்றி நம்முன் நின்றார். 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்' என்னும் பழமொழியை அன்று நூலகக் குழுவில் ஒருவரும் சொல்லவில்லை. எல்லார் மனத்திலும் இருந்தது. ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதப்பட்டிருந்தது. கையொப்பமிட்ட நாம் படித்திருக்கவில்லை.

அதே நூலகத்தில் ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் விட்டுச்சென்ற கிரேக்க அகராதி உள்ளது. அட்டையின் உட்புறத்தில் மூவர் பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, வெவ்வேறு மையில். கையளித்தல் என்பதன் பொருளை அப்பக்கத்தைக் காட்டியே நாம் வகுப்பில் விளக்குகிறோம். மின்னூலில் அப்பக்கத்திற்கு இடமில்லை. நான்காம் பெயருக்கு உரிமம் இராது.

மின்னூலை விலக்குக என்று நாம் கூறவில்லை. கண்பார்வை குன்றியோர்க்கும் தொலைவிலுள்ள ஊழியர்க்கும் அது செய்யும் நன்மை பெரிது. நாம் வேண்டுவது இவ்வளவே: அடுத்த ஒப்பந்தம் நூலகக் குழுவின்முன் வரும்போது அதனை உரக்கப் படிப்போம். சந்தா நின்றபின் எது எஞ்சும், மாணவர் மற்றொரு மாணவருக்கு எதைக் கொடுக்கலாம், யார் எதைப் படித்தார் என்பதை எவர் அறிவார் என்ற மூன்றையும் கேட்போம். பொருளுணர்ந்தபின் 'ஆம்' என்போம். உணர்ந்தும் மனம் ஒப்பாவிடில் 'இல்லை' என்போம். திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுவன்றோ?