பெயர் மறைக்கப்படுவோரும் பெயர் கூவப்படுவோரும்

செல்போனிலும் இணையத்திலும் மாணவர்கள் ஒருவரையொருவர் இழிவுபடுத்துவது பற்றி இன்று பள்ளிக்கூடங்களில் நிறையப் பேசுகிறார்கள். சைபர் கிரைம் போலீசார் வந்து கூட்டம் போடுகிறார்கள். துண்டறிக்கை கொடுக்கிறார்கள். உன் பெயரை, ஊரை, போட்டோவை முகம் தெரியாதவனிடம் கொடுக்காதே, தொல்லை கொடுப்பவனை பிளாக் செய், பெரியவர்களிடம் சொல். எல்லாம் நல்ல புத்திமதிதான். ஆனால் இந்தப் புத்திமதி எந்தப் புள்ளையை மனதில் வைத்துச் சொல்லப்படுகிறது என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. யாருக்கும் தெரியாத விவரங்களைத் தன்னிடம் வைத்திருக்கும் ஒரு குழந்தை, வெளியிலிருந்து வரும் ஒரு அந்நியன் - இந்த இரண்டு பேரை வைத்துத்தான் இந்தச் சொல்லாடல் முழுக்கக் கட்டப்பட்டிருக்கிறது. சேரியிலிருந்து வரும் புள்ளைக்கு இது பொருந்தாது. அவனைத் திட்டுகிறவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். தன் சாதியை அவன் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. பள்ளிக்கூடமே சொல்லிக் கொடுத்துவிட்டது.

எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது என்பது நமக்குப் புதிதல்ல. வகுப்பிலும் பிரேயரிலும் 'அரிசனப் பிள்ளைகள் எல்லாம் எழுந்திருங்கள்' என்று வாத்தியார்கள் எழுப்பி நிறுத்துவதை 1992-ல் வந்த 'கருக்கு' நூலில் பாமா எழுதியிருக்கிறார். நான் படித்த பள்ளியிலும் அதே கதைதான். ஸ்காலர்ஷிப் பாரம் வந்தால் "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்கடா" என்று ஒரு சத்தம். எழுந்திருப்பதற்கு ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்து முடித்துவிடும். அன்றைக்கு அதைப் பார்த்தது நாற்பது பேர். இன்றைக்கு அந்த நாற்பது பேரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். வகுப்பில் கிடைத்த தகவல் இரவில் ஸ்டிக்கராகிறது, ஸ்டேட்டஸாகிறது, ரீல்ஸ் ஆகிறது. கைபேசிக்கு இதில் இரண்டாவது வேலைதான். முதல் வேலையை வருகைப் பதிவேடும் ஸ்காலர்ஷிப் பட்டியலும் செய்து முடித்துவிடுகின்றன.

இந்த இடத்தில் ஒரு அரசு ஆவணத்தை நாம் பிரதியாக எடுத்துப் படிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்திய சக மாணவர்கள் மீது பள்ளியில் புகார் கொடுத்ததற்காக ஒரு தலித் மாணவன் அன்று இரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்குப் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று அவர் அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தார். நெற்றித் திலகம் பற்றியும் கைக்கயிறு பற்றியும் அதில் இருந்த வரிகளுக்குத்தான் பெருங்கூச்சல் எழுந்தது. கூச்சல் போட்டவர்கள் கவனிக்காமல் விட்ட இடத்தில்தான் அறிக்கையின் உயிர் இருக்கிறது என்பது என் வாசிப்பு. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்த விவரமும் இருக்கக் கூடாது. உதவித்தொகைச் செய்தி வந்தால் தலைமையாசிரியர் அந்த மாணவரைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகச் சொல்ல வேண்டும். மாணவரைச் சாதியால் குறிப்பிட்டு, நேராகவோ சுற்றிவளைத்தோ, ஆசிரியர் அழைக்கக் கூடாது. இவை பார்க்கச் சின்ன விதிகள். ஆனால் ஒரு தலித் குழந்தைக்கு அந்தரங்கம் என்று ஒன்று உண்டு, அதைப் பள்ளிக்கூடம் காக்க வேண்டும் என்ற எண்ணம் இவற்றுக்குள் இருக்கிறது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பு வகுப்பறைக்குள் நுழைகிற வாசல் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதே அறிக்கை, மாணவர்கள் பள்ளியில் செல்போன் பயன்படுத்துவதற்கு முழுத் தடை கேட்கிறது. இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சாதிக்கயிறு விஷயத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மாணவர்கள் சாதி நிறக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொல்லி 2019-ல் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு வந்ததும், தனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது, பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லிவிட்டார். கயிற்றை அவிழ்க்கும் தைரியமே அரசுக்கு இல்லாமல் போயிற்று. அவிழ்த்திருந்தாலும் அந்த நிறம் வேறொரு இடம் தேடிப் போயிருக்கும். போய்த்தான் இருக்கிறது. கையில் இருந்த மஞ்சளும் சிவப்பும் பச்சையும் இன்று புரொபைல் படத்தைச் சுற்றி இருக்கின்றன. பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம். ஆண்ட பரம்பரைப் பாட்டு. கையில் அரிவாளோடு ஒரு ரீல்ஸ். இதெல்லாம் பள்ளி மணி அடித்த பிறகு, அவனவன் வீட்டில் உட்கார்ந்து செய்வது. கேட்டுக்குள் போடுகிற தடை இதில் எதைத் தொடும்? போனை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டால் தன் கடமை முடிந்தது என்று பள்ளிக்கூடம் நினைத்துக்கொள்ள மட்டுமே அது உதவும்.

புகார் வந்தால் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சுக்களை நம்மில் பலரும் கேட்டிருப்போம். "இது ஸ்கூலுக்கு வெளியில நடந்ததுங்க, நாங்க என்ன பண்றது?" "நீ எதுக்கு அந்த குரூப்புல இருந்த?" "சாதிப் பேரச் சொல்லலியேப்பா, சும்மா கிண்டல்தானே பண்ணியிருக்கான்." அப்புறம் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு ஒரு சமாதானம். மன்னிப்புக் கடிதத்தில் இரண்டு பேரிடமும் கையெழுத்து. திட்டியவனும் எழுதுகிறான், திட்டு வாங்கியவனும் எழுதுகிறான். கொஞ்ச நாளில் நம்ம புள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி தேடுகிறது. பெண் பிள்ளையாக இருந்து, அவள் போட்டோவை வெட்டி ஒட்டிப் பரப்பியிருந்தால் டி.சி. கூட வாங்குவதில்லை, படிப்பே நின்றுவிடுகிறது.

உயர்கல்வியிலும் இதுதான். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2015-ல் ஒரு முகநூல் பதிவில் தொடங்கிய தகராறு, 5 தலித் ஆய்வு மாணவர்களை விடுதியை விட்டு வெளியேற்றுவதில் போய் முடிந்தது. அவர்களில் ஒருவர் ரோகித் வெமுலா. 2016 ஜனவரி 17 அன்று அவர் இறந்தார். அம்பேத்கர் மாணவர் சங்கத்தாரைக் குண்டர்கள் என்று பதிவு போட்டவருக்கு இப்படி ஒன்றும் நேரவில்லை.

'சாதிப் பேரச் சொல்லலியே' என்ற வாக்கியத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரால் திட்டுவதைக் குற்றம் என்கிறது. முகநூல் பதிவும் அப்படிப்பட்ட இடமாகலாம் என்று 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. இணையத்தில் ஏற்றியதை ஒருவர் பார்க்கும் ஒவ்வொரு முறையும், இழிவுபடுத்தப்பட்டவர் அங்கே இருப்பதாகவே கொள்ளலாம் என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை அவமதித்தது மட்டும் போதாது, அவருடைய சாதி அடையாளத்தை வைத்து அவமதித்திருக்க வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்திருக்கிறது. பதினைந்து வயதுப் பையன்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. 'கோட்டா' என்று எழுதுகிறார்கள், 'காலனி' என்று எழுதுகிறார்கள், ஒரு மிருகத்தின் படத்தைப் போடுகிறார்கள். சாதிப் பெயர் எங்கேயும் இல்லை. படிப்பவர்கள் எல்லோருக்கும் அர்த்தம் விளங்குகிறது, விசாரிக்கிற வாத்தியாருக்கு மட்டும் விளங்குவதில்லை.

அந்தப் பையன்களைச் சிறைக்கு அனுப்பு என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சிறுவர்கள்தான். அவர்கள் பெயரை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 சொல்கிறது. நியாயமான பிரிவு. ஆனால் அதே பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையும் படத்தையும் பள்ளியையும் வெளியிடக் கூடாது என்றும் சொல்கிறது. நாங்குநேரியில் என்ன நடந்தது? வெட்டியவர்கள் சிறார் என்பதால் பத்திரிகைகள் அவர்கள் பெயரை மறைத்தன. வெட்டுப்பட்டவனுக்கும் வயது 17-தான். அவன் பெயர், அவன் முகம், அவன் கட்டுப் போட்ட கை, தங்கையின் பெயர், அடுத்த ஆண்டு பிளஸ் டூவில் அவன் எடுத்த 469 மதிப்பெண் எல்லாம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ஒரே சட்டத்தின் ஒரே பிரிவு, அடித்தவனுக்குத் திரையாகவும் அடிபட்டவனுக்கு இல்லாததாகவும் ஆனது எப்படி? குடும்பமே பேட்டி கொடுத்ததே என்பார்கள். வெட்டுப்பட்ட புள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு நியாயம் கேட்கிற தாய்க்கு மைக்கைத் தவிர வேறு எந்த வாசல் திறந்திருந்தது? அந்தப் படங்களைப் பகிர்ந்ததில் நம் இயக்கத் தோழர்களுக்கும் பங்கு உண்டு. கோபத்தில் செய்தார்கள். ஆனாலும் அந்தப் படத்தின் கீழேயே வந்து விழுந்த வசவுகளை அந்தப் புள்ளைதானே படித்திருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவன் பெயரை நான் எழுதவில்லை.

இதற்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு மறுப்பு வரும். சாதியை மறைப்பது அவமானத்தை ஒப்புக்கொள்வது ஆகாதா? நாம் தலித் என்று உரக்கச் சொல்லித்தானே எழுந்தோம்? உண்மைதான். ஆனால் சொல்வது வேறு, சொல்லப்படுவது வேறு. பாமா தன் வாழ்க்கையை எழுதினார். எப்போது எழுதுவது, எதை எழுதுவது, எந்தப் பெயரில் எழுதுவது எல்லாம் அவர் எடுத்த முடிவு. பாமா என்பதே அவர் வைத்துக்கொண்ட பெயர். வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட பெண், பிறகு ஒருநாள் தானாக எழுந்து நின்றார். இந்த இரண்டு நிற்றலையும் ஒன்றாக்கிப் பேசுவது தலித் அரசியல் அல்ல. நம் சாட்சியங்களுக்கு வலிமை வந்ததே, யாரும் பிடுங்காமல் நாமாகச் சொன்னதால்தான்.

ஆகவே பள்ளிக்கூடங்களிடம் கேட்க வேண்டியது இதுதான். சாதி விவரம் தலைமையாசிரியர் அறையைத் தாண்டி வெளியே வரக் கூடாது. இணைய வசவு பற்றிய புகாரை வாய்ப்பேச்சாக முடிக்காமல் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்பது அடுத்த பீரியடுக்குள் வகுப்புக்குத் தெரியக் கூடாது. நாங்குநேரி கற்றுக்கொடுத்த பாடம் அது. குழந்தை மீதான பாலியல் குற்றத்தை அறிந்தும் சொல்லாமல் இருப்பதைப் போக்சோ சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சாதி வசவை அறிந்த ஆசிரியருக்கும் அப்படி ஒரு கடமையைச் சட்டத்தில் எழுத வேண்டும். சமாதானக் கடிதத்தில் அடிபட்ட புள்ளையின் கையெழுத்து வாங்கக் கூடாது. யாராவது வகுப்பு மாற வேண்டுமென்றால் திட்டியவன் மாறட்டும்.

போனைப் பிடுங்கும் முன்னால் அந்தப் பதிவேட்டை மூடுங்கள்.