காதும் விரலும்

கைபேசி படித்துச் சொல்கிறது. கணிப்பொறியும் படித்துச் சொல்கிறது. இனிமேல் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் புள்ளியெழுத்து எதற்கு என்று எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் படித்தவர்களே கேட்கிறார்கள். பக்கத்து அடையாற்றில், செயின்ட் லூயிஸ் பள்ளியில், அப்படிப்பட்ட பிள்ளைகள் படிப்பது தெரிந்தும் கேட்கிறார்கள். கருணையோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்த அபிப்பிராயம் சரியல்ல.

அரம், அறம் என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். நம்மில் பலர் வாயில் இரண்டும் ஒன்றுதான். ஒன்று இரும்பை ராவுவது. மற்றது வள்ளுவர் பேசியது. பரவை என்றால் கடல். பறவை என்றால் பட்சி. கண்ணுள்ள பிள்ளை பத்திரிகையிலும் கடைப் பலகையிலும் தினமும் பார்த்துப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்கிறது. காதை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளைக்கு அந்தப் பாடம் எங்கே கிடைக்கும்?

இந்தக் குறையைப் போக்கியவர் லூயி பிரெயில். அவருக்கு முன்பு பார்பியே என்பவர் அமைத்த முறையில் 12 புள்ளிகள். அவை குறித்தது ஒலியை, எழுத்தை அல்ல. அதைக் கற்றவர் செய்தியை அறியலாம். பிழையில்லாமல் எழுத்துக் கூட்ட அது உதவாது. பிரெயில் புள்ளிகளை 6 ஆகக் குறைத்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடையாளம் தந்தார். 1829-ல் அது நூலாக வந்தபோது அவருக்கு வயது 20.

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் ஏற்பட்டது. அதில் இடப்பக்கத்து மூன்று புள்ளிகள் 'ல'. வலப்பக்கத்து மூன்று புள்ளிகள் 'ள'. ஆறில் வலப்பக்கத்து மேல் புள்ளியை மட்டும் விட்டுவிட்டால் 'ழ'. நாக்கு குழப்புவதை விரல் குழப்புவதில்லை.

பழைய புலவர்கள் காதால் கேட்டே பாடவில்லையா என்று கேட்கலாம். பார்வையில்லாத அந்தகக்கவி வீரராகவ முதலியார், தம் முதுகில் எழுதச் சொல்லி எழுத்தைக் கற்றார் என்று ஒரு வழக்கு உண்டு. கேட்டதெல்லாம் மனத்தில் நிற்கும் புலவருக்கே எழுத்தின் வடிவம் வேண்டியிருந்தது!

பிரெயில் புத்தகம் கனம், இடத்தை அடைக்கும், அச்சிடுவதும் சிரமம். பேசும் இயந்திரம் நல்ல துணை. நாவல் கேட்க அது போதும். ஆனால் ஒரு விண்ணப்பமோ ஒரு கதையோ தானே பிழையில்லாமல் எழுத வேண்டுமானால், எழுத்தோடு நேரான பழக்கம் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளையிடம், "வானொலி இருக்கிறதே, உனக்கு எழுத்து எதற்கு?" என்று சொல்வோமா?