இளைப்பாறுதலும் தன்னாய்வும்: பண்டித ரமாபாயின் சாட்சி நூலைப் பற்றிய ஒரு மதிப்பீடு

நம் திருச்சபைகளில் பெண்களுக்கென எழுதப்படும் தியானங்களுக்கும் ஊக்க உரைகளுக்கும் குறைவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களிலும், உபவாச நாள்களிலும், மாத இதழ்களிலும் இரண்டு அறிவுரைகள் ஓயாது வழங்கப்பட்டு வருகின்றன. ஆண்டவரில் இளைப்பாறுங்கள் என்பது ஒன்று. உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள் என்பது மற்றொன்று. இரண்டும் திருமறைக்கு இசைந்தவையே. ஆயினும், இவ்விரண்டும் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்துகின்றன என்பதை நம் உரைகள் விளக்குவது அரிது.

இக்குறையை எனக்கு உணர்த்தியவர் படூரில் ஒரு வீட்டில் கூடிய பெண்கள் ஜெபக் கூட்டத்தில் இருந்த ஒரு சகோதரி. முன்பு வயலும் ஏரியுமாயிருந்த அவ்வூர், இன்று சிறுசேரிக்கும் கேளம்பாக்கத்திற்கும் இடையே, பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் அடுக்கு மாடிகள் எழுந்த ஊர். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்குச் சென்று, இருட்டியபின் திரும்பும் பெண்கள் அக்கூட்டத்தில் இருந்தனர். நான் தன்னாய்வைப் பற்றிப் பேசி முடித்ததும் அச்சகோதரி சொன்னார்: "ஐயா, நான் தினமும் என்னைச் சோதித்துத்தான் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்கக் குற்றம்தான் தெரிகிறது. இருக்கிற தூக்கமும் போய்விடுகிறது. இளைப்பாறுதல் எங்கே வருகிறது?" அன்று நான் கூறிய மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவை மனத்திற்கொண்டே பண்டித ரமாபாயின் சாட்சி நூலை மீண்டும் படித்தேன்.

குறைவுபடாத நமது செல்வத்திற்கு ஒரு சாட்சி என்று பொருள்படும் தலைப்பில், 1907-ஆம் ஆண்டு ரமாபாய் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறு நூல் இது. 1858-இல் பிறந்த அவர் சமஸ்கிருதப் புலவர் ஒருவரின் மகள். அவருடைய தாய் லட்சுமிபாய் வீட்டு வேலைகளுக்கிடையே நேரம் கிடைக்காமையால், பொழுது புலருமுன் மகளை எழுப்பிப் பாடம் சொல்லித் தந்தவர். பெண்களின் உழைப்பையும் கல்வியையும் பற்றிப் பேசும் எவரும் அவ்விடியற்கால வகுப்பை மறத்தலாகாது.

நூலின் முற்பகுதி நம் நாட்டு மண்ணோடு தொடர்புடையது. திருத்தலங்கள்தோறும் புராணம் படித்துச் சென்ற அக்குடும்பம், 1870-களில் சென்னை மாகாணத்தில் பஞ்சத்திற்கு உள்ளாயிற்று. தந்தையும் தாயும் தமக்கையும் அடுத்தடுத்து இறந்தனர். இத்துயரை எழுதுகையில் ரமாபாய் தம் குடும்பத்தின் குறையையும் மறைக்கவில்லை. கல்விப் பெருமையும் குலப் பெருமையும் கூலி வேலை செய்யவோ பிறரிடம் கேட்கவோ தங்களை விடவில்லை என்று ஒளிவின்றிக் கூறுகிறார். சாகும் தறுவாயிலிருந்த தாய்க்காக அயல் வீட்டில் உணவு கேட்கச் சென்று, நாணத்தால் நா எழாமல் நின்றதையும் எழுதுகிறார். தன்னாய்வு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தன்னைப் பழித்துரைக்காமலும், தன்னை நியாயப்படுத்தாமலும், நடந்ததை நடந்தவாறே சொல்லுதல் எளிதன்று.

நூலின் மையம் இதற்கும் அப்பால் உள்ளது. கல்கத்தா அறிஞர்களால் பண்டிதை என்று போற்றப்பட்டு, மணமாகி, 1882-இல் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இங்கிலாந்து சென்ற ரமாபாய், 1883-இல் வாண்டேஜில் ஞானஸ்நானம் பெற்றார். 1887-இல் உயர்குல இந்துப் பெண்ணின் நிலையைப் பற்றிய அவரது நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1889 மார்ச் மாதம் பம்பாயில் கைம்பெண்களுக்கென சாரதா சதனைத் தொடங்கினார். இவ்வளவும் நடந்தபின், 1891-ஆம் ஆண்டளவில், தமக்கு வாய்த்திருந்தது கிறிஸ்துவின் சமயமேயன்றிக் கிறிஸ்து அல்லர் என்பதைத் தாம் கண்டுகொண்டதாக அவர் சாட்சி பகர்கிறார். தம் அறிவு இசைந்த அளவிற்கு உள்ளம் அவரிடம் தங்கவில்லை என்பதே இதன் கருத்து. ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் கழித்து, இரு கண்டங்களில் புகழ்பெற்ற ஒரு கிறிஸ்தவத் தலைவி இவ்வாறு எழுதியதன் விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய பணியைத் தாங்கியவர்கள் இந்நூலின் வாசகர்களிடையேயும் இருந்தனர்.

அவ்வுணர்வுக்கு அவரை நடத்தியவற்றுள் வில்லியம் ஹாஸ்லம் என்னும் ஆங்கிலேயக் குருவானவரின் வாழ்க்கை வரலாறும் ஒன்று. 1851-இல் தாம் செய்துகொண்டிருந்த பிரசங்கத்தின் நடுவிலேயே மனந்திரும்பியவர் அவர். பெண்களுக்குத் தன்னாய்வைப் போதிக்கும் ஆயர்கள் இச்செய்தியைக் கடந்து செல்லக்கூடாது. பிரசங்க பீடத்தில் நிற்பவனும் ஆராயப்பட வேண்டியவனே.

இனி, படூர்ச் சகோதரியின் வினாவிற்கு வருவோம். ரமாபாயின் தன்னாய்வு அவரை ஏன் சோர்வில் ஆழ்த்தவில்லை? தம் குறைகளின் பட்டியலை அவர் நீட்டிக்கொண்டே செல்லவில்லை என்பதே விடை. இன்னும் சிறிது ஜெபம், இன்னும் சிறிது பொறுமை, இன்னும் சிறிது ஊழியம் என்று கணக்கைச் சரிசெய்ய அவர் முயலவில்லை. கணக்குப் பார்த்தல் தம்மை மீட்காது என்பதே அவர் கண்ட உண்மை. ஆகவே, குற்றத்தைக் கண்ட இடத்திலேயே கிருபையையும் கண்டார். நூற்றுமுப்பத்தொன்பதாம் சங்கீதத்தின் இறுதியில் சங்கீதக்காரன் தன்னைத் தானே ஆராயப் புறப்படவில்லை. தன்னை ஆராயும்படி தேவனிடம் வேண்டுகிறான். இவ்வேறுபாடு சிறிதன்று. தனித்து நின்று தன்னை ஆராய்பவள் நீதிபதியும் குற்றவாளியுமாகிறாள், அவ்வழக்கு முடிவதில்லை. தன்னை அறிந்தும் தள்ளிவிடாதவர் முன்னிலையில் ஆராயப்படுபவளோ உண்மையைச் சொல்லத் துணிகிறாள். நம் இருதயம் நம்மைக் குற்றவாளியாகத் தீர்க்கும்போதும் தேவன் அவ்விருதயத்திலும் பெரியவர் என்று யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதுவது இக்கருத்தையே.

இளைப்பாறுதலைப் பற்றியும் இந்நூல் ஒரு திருத்தம் தருகிறது. நம் ஊக்க உரைகள் பலவற்றில் இளைப்பாறுதல் ஓர் இனிய மனநிலையாகச் சித்திரிக்கப்படுகிறது. அது வராதபோது, விசுவாசக் குறைவு என்று பெண்கள் தம்மையே நொந்துகொள்கின்றனர். இவ்வாறு இளைப்பாறுதலும் ஒரு வேலையாகிவிடுகிறது. மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில் இளைப்பாறுதலை வாக்களிக்கும் ஆண்டவர், அடுத்த மூச்சிலேயே தம் நுகத்தை ஏற்கச் சொல்கிறார். ஏற்கத்தகாத நுகத்தை இறக்கி, ஏற்கத்தக்கதை ஏற்பதே அவர் தரும் இளைப்பாறுதல். ரமாபாய் 1891-க்குப் பின் ஓய்ந்திருக்கவில்லை. 1896-97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களிலிருந்து பெண் குழந்தைகளை மீட்டு வந்தார். கேட்காவில் முக்தி சதனை எழுப்பினார். 1922-இல் இறக்கும்வரை மராத்தி மொழியில் திருமறையைப் பெயர்த்தார். வேலை குறையவில்லை, அவ்வேலையால் தம்மை நிலைநிறுத்த வேண்டிய பாரம் நீங்கிற்று.

நூலின் குறையையும் கூறுதல் வேண்டும். எல்லா மனந்திரும்புதல் வரலாறுகளையும்போல இதுவும் முன்னைய இருளையும் பின்னைய ஒளியையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது. கணவரின் மறைவு சில வரிகளில் முடிந்துவிடுகிறது. இங்கிலாந்தில் அவருக்கு நேர்ந்த போராட்டங்களுக்கும் இதில் உரிய இடமில்லை. செல்டன்ஹாம் கல்லூரியில் அவர் இருந்தபோது, ஆண் மாணவர்களுக்கு அவர் கற்பிக்கலாமா என்னும் கேள்வி எழுந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலிக்கன் பேராயர்கள் அதை எதிர்த்தனர். தம் மனச்சாட்சியைப் பிறர் ஆளுகைக்கு ஒப்புவிக்க இயலாது என்று அவர் வாதிட்டதை, சகோதரி ஜெரால்டீனோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தில் காண்கிறோம். 1977-இல் நூலுருப் பெற்ற அக்கடிதங்களைச் சாட்சி நூலோடு சேர்த்தே படிக்க வேண்டும். சாட்சி நூல் தேவனுக்கு முன் உண்மையாயிருந்த பெண்ணைக் காட்டுகிறது. கடிதங்கள் திருச்சபைக்கு முன்னும் உண்மையாயிருந்த பெண்ணைக் காட்டுகின்றன. முதலாமவரை மட்டும் பெண்கள் கூட்டங்களில் எடுத்துக்காட்டி, இரண்டாமவரை மறைப்பது நேர்மையாகாது.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. ரமாபாயின் அனுபவத்தை அனைவருக்கும் சட்டமாக்குதல் தவறு. மனந்திரும்பிய நாளைக் குறிப்பிட இயலாத விசுவாசிகள் பலர் நம் சபைகளில் உண்மையோடு வாழ்கின்றனர். அவரிடமிருந்து கற்க வேண்டியது தேதியன்று, திசை. கிருபை முதலாவது, அக்கிருபையின் பாதுகாப்பில் உண்மை, அவ்வுண்மையின் கனியாக இளைப்பாறுதல். இவ்வரிசையை மாற்றி, முதலில் உன்னைச் சரிசெய், பின்பு இளைப்பாறுவாய் என்று நாம் போதிக்கும்போது, அறிந்தோ அறியாமலோ நியாயப்பிரமாணத்தையே பெண்கள்மேல் மீண்டும் சுமத்துகிறோம்.

அச்சகோதரிக்கு இப்போது மறுமொழி கூறுவதாயின், இரண்டு செய்திகளைச் சொல்வேன். அம்மா, நீங்கள் காணும் குற்றங்களுள் சில உங்களுடையவை. அவற்றை மறைக்க வேண்டா, அவை மன்னிக்கப்பட்டவை. வேறு சில குற்றங்களே அல்ல. பிறர் உங்கள்மேல் வைத்த சுமையின் களைப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவதும் தன்னாய்வே. இரண்டாவது செய்தி அவருக்கன்று, அவ்வீட்டு ஆண்களுக்கும் அவருடைய ஆயருக்கும் உரியது: அச்சுமையில் நம் பங்கு எவ்வளவு என்று ஆராயாமல், இளைப்பாறுதலைப் பற்றி இனி அவருக்குப் பிரசங்கிக்க நமக்கு உரிமையில்லை.