விமானத்துக்கு முன் ஒரு தட்டு மீன்

கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்கில் இறங்கி ஏறும் பலரும் விமான நிலையத்திலேயே அவசரமாக எதையோ வாங்கி விழுங்குகிறார்கள். கடல் உணவு வேண்டுமென்றால் கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங்கிலேயே முடித்துக்கொள்வது மேல். இந்த ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பண்டம் யொங் தௌ ஃபூ. ஹக்கா சீனர்கள் கொண்டுவந்தது.

முள் நீக்கிய மீன் சதையை உப்புப் போட்டுப் பிசைந்து, சட்டியில் ஓங்கி ஓங்கி அடிக்கிறார்கள். உப்பு மீனின் புரதத்தைக் கரைத்து வெளியே இழுக்கிறது. அடி அதைப் பிணைக்கிறது. மாவு சேர்த்து ஏமாற்றினால் பல்லில் தெரிந்துவிடும். நல்ல விழுது கடித்தால் துள்ளும். அதைத் தௌஃபூ எனும் சோயாக் கட்டியில் மட்டுமா திணிக்கிறார்கள்? பாகற்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், சிவப்பு மிளகாய் என்று நம் வீட்டுச் சந்தைக்கூடையே தட்டில் வந்து நிற்கும். எனக்குப் பாகற்காய்தான், மீனின் இனிப்பை அந்தக் கசப்பு தூக்கிக் கொடுக்கிறது. பொரித்த வெண்டைக்காய் ஆறினால் வீண்.

விழுது முன்பே தயாராக இருப்பதால், வேகவோ பொரியவோ அதிக நேரமாகாது. சில கடைகளில் பன்றி இறைச்சியும் கலப்பார்கள். வேண்டாதவர்கள் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

பசியாறியதும் அம்பாங் எல்.ஆர்.டி. ரயிலில் மஸ்ஜிட் ஜாமெக் நிலையம், அங்கு மாறி பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து விமான நிலையத்தின் முதல் முனையத்துக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம்.