பண்டாரவன்னியனும் இரவல் துரோகியும்

வன்னி மக்களின் துன்பியல் நாடகம் பண்டாரவன்னியன் கதையே. முல்லைமணியின் நாடகம் அதற்கு நிலைத்ததொரு மேடை வடிவம் தந்தது. பூநகரியிலே நம் மாணவர் வன்னியின் வரலாற்றை முதலில் அறிவது பாடநூலிலன்று, இம்மேடையிற்றான். ஆகவே, இதில் வரலாறு எவ்வளவு என்று வினவுதல் வீண்வேலையாகாது.

வீரன் வரலாற்றுக்குரியவன். 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வொன் டிரிபேர்க் அவனை முறியடித்தான். வென்றவர் தரப்பில் நாட்டப்பட்ட நினைவுக்கல் 'தோற்கடித்தான்' என்று மட்டுமே கூறிற்று. கொன்றான் என்று கூறவில்லை. மேடைக்கோ இறுதிக் காட்சியில் ஒரு சாவு வேண்டும். அதனை யான் குறைகூறேன். குருவிச்சி நாச்சியின் காதலையுங் குறைகூறேன். அவை நாடகாசிரியனின் உரிமை.

வழக்கு காக்கைவன்னியனைப் பற்றியது. வீரனைக் காட்டிக்கொடுத்தவன் அவனே என்பது மேடை மரபு. ஆனால் யாழ்ப்பாண வைபவமாலையிலும் ஒரு காக்கைவன்னியன் வருகிறான். அங்கே அவன் சங்கிலியைப் பறங்கியரிடம் பிடித்துக்கொடுக்கிறான்! மயில்வாகனப் புலவர் அந்நூலை இயற்றியது ஒல்லாந்தர் காலத்தில், அதாவது கற்சிலைமடுப் போருக்குப் பல பத்தாண்டுகள் முன்னர். யாழ்ப்பாண அரசு வீழ்ந்ததோ 1619இல். 184 ஆண்டு இடைவெளியில் இரு வீரர்க்கும் ஒரே பெயருடைய துரோகி வாய்த்தான் என்பதினும், பழங்கதையின் துரோகி புதுக்கதையிற் குடியேறினான் என்பதே பொருந்தும். (துரோகிக்கு மக்கள் நாவில் மரணமில்லைப் போலும்.)

இவ்விரவல் சிறு பிழையன்று. 1782இல் ஒல்லாந்தர் வன்னியைப் படைகொண்டு அடக்கினர். அவர்க்குப்பின் ஆங்கிலேயர் வந்தனர். 1803 ஜூனில் கண்டியில் ஆங்கிலேயக் காவற்படை அழிந்தது. அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டே, கண்டியரின் துணையோடு பண்டாரவன்னியன் எழுந்தான். அவனை அடக்க மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என முத்திசைகளிலிருந்தும் படைகள் ஏவப்பட்டன. தோல்வியின் காரணம் இங்கே கிடக்கிறது. நாடகமோ அதனை ஒருவனது பொறாமையாகச் சுருக்கிவிடுகிறது. பார்ப்பவன் டிரிபேர்க்கை மறந்து, காக்கைவன்னியனைச் சபித்தபடி வீடு திரும்புகிறான். ஏகாதிபத்தியம் துரோகியின் முதுகுக்குப் பின்னே வசதியாக ஒளிந்துகொள்கிறது!

மேடையில் இல்லாத இன்னொருவனும் உளன். வன்னியர் ஒல்லாந்தர்க்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தனர். அந்த யானைகளைக் காட்டிற் புகுந்து பிடித்தவன் யார்? குளத்து நீரில் நெல் விளைத்தவன் யார்? நாச்சிமாருக்கும் மந்திரிமாருக்கும் வசனம் உண்டு. இவனுக்கு ஒரு சொல்லும் இல்லை. தலைவன் வாளெடுத்தபோது இவன் எதற்காகப் பின்சென்றான் என்பதை இந்நாடகம் கேட்கவேயில்லை.