கடைசிச் சொல் வரும்வரை

ஜெர்மன் பாஷையைக் கேலி செய்தவர்களில் மார்க் ட்வெயின் முதல் வரிசையில் நிற்பவர். 1880-ல் வெளியான தம் பயண நூலுக்கு அனுபந்தமாக அவர் எழுதிய கட்டுரை இன்றும் சிரிப்பு மூட்டுகிறது. வினைச்சொல்லைத் தேடி வாக்கியத்தின் கோடிவரை நடக்க வேண்டியிருக்கிறதே என்பது அவருடைய பெரிய குறை. ரசமான கட்டுரைதான். ஆனால் வாசகன் கையைக் கட்டிக்கொண்டு கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கிறான் என்ற நினைப்பு அதன் அடியில் இருக்கிறது. அது சரியல்ல. எந்த வாசகனும் அப்படிக் காத்திருப்பதில்லை.

ஜெர்மனில் ஆண்பாற் பெயருக்கு முன் வரும் 'டேர்', அந்தப் பெயர் செயப்படுபொருளானால் 'டேன்' ஆகிவிடும். ஆகவே சொற்களை முன்பின்னாகப் போட்டாலும் யார் யாரைக் கடித்தது என்ற சந்தேகம் வராது. பெண்பாலுக்கு இந்தச் சௌகரியம் இல்லை, இரண்டுக்கும் 'டி'தான். 'தாய் – தேடுகிறாள் – மகள்' என்ற வரிசையில் எழுதினால், தாய் மகளைத் தேடுகிறாள் என்றும் கொள்ளலாம். மகள் தாயைத் தேடுகிறாள் என்று கொள்ளவும் இலக்கணம் இடம் கொடுக்கிறது.

ஜெர்மன்காரர் இதில் திண்டாடுகிறாரா? இல்லை. முதலில் வந்தவளையே எழுவாயாக்கிக்கொண்டு மேலே போய்விடுகிறார். 'பத்திரிகை' என்று தொடங்கி, படிப்பதைச் சொல்லும் வினை வந்து, 'பெண்' என்று முடிந்தால் மட்டும், பத்திரிகை பெண்ணைப் படிக்காது என்ற உலக அனுபவம் அவருக்குக் கைகொடுக்கிறது. பேச்சில் குரலின் அழுத்தமும் உதவும்.

இன்னும் சிக்கலானது ஒன்று உண்டு. 'இவள்தான் அந்தத் தாய்' என்று ஆரம்பித்து, அவளை விவரிக்கும் துணை வாக்கியத்தில் 'மகள்கள்', 'தேடி' என்று சொற்கள் வருகின்றன. தேடியது தாயா, மகள்களா? கடைசியில் நிற்கும் துணைவினை 'ஹாட்' என்று ஒருமையில் வந்தால் தாய். 'ஹாபென்' என்று பன்மையில் வந்தால் மகள்கள். ஷ்ரீஃபர்ஸ், ஃப்ரீடெரிசி, க்யூன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய வாக்கியங்களைப் படிக்கச் செய்து, பிடிக்கும் நேரத்தை அளந்து, 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். வாசகர்கள் முன்னால் வந்தவளையே எழுவாய் என்று பந்தயம் கட்டிவிடுகிறார்கள். கடைசிச் சொல் அதைப் பொய்யாக்கினால் தடுக்கி நின்று, மறுபடி அர்த்தம் கூட்டுகிறார்கள்.

இதை அறிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பல வருஷங்களுக்கு முன் ஒரு கதையை, 'நாய் துரத்திய பையன்' மூச்சிரைக்க வந்து நின்றதாக ஆரம்பித்திருந்தேன். நாய்க்குப் பயந்து ஓடி வந்தவன் என்பது என் எண்ணம். ஒரு வாசகர் அவனை, நாயைத் துரத்திய போக்கிரி என்று எடுத்துக்கொண்டார். கதை முடிவில் அவன் அழுவதைப் பச்சாத்தாபம் என்று பாராட்டிக் கடிதமும் போட்டார். படிக்கத் தெரியாத மனுஷர் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். உண்மையில் பிழை என்னுடையது. அவர் ஒரு பந்தயம் கட்டினார்; அதை மாற்றிக்கொள்ள நான் கதை முழுவதிலும் ஒரு சொல்கூடத் தரவில்லை.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். தொல்காப்பியம் இதைத் தடுமாறு தொழிற்பெயர் என்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம், புலிகொல் யானை. யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் கொன்றது யானை; யானையின் தந்தம் என்று தொடர்ந்தால் கொன்றது புலி. பின்னால் வரும் சொல்லைக் கொண்டு தெரிந்துகொள் என்பது விதி. அந்தச் சொல்லை வைக்கவேண்டிய பொறுப்பு எழுதுகிறவனுடையது. அதையும் தாமதமின்றி வைக்கவேண்டும் என்பதே ஜெர்மன் வாசகர்களிடமிருந்து நான் கற்றது.

'நாயால் துரத்தப்பட்ட பையன்' என்று எழுதியிருந்தால் சந்தேகம் தீர்ந்திருக்கும், வாக்கியம் செத்திருக்கும். அடுத்த வரியிலேயே அவன் நிஜாரில் ஒரு கிழிசலைக் காட்டியிருந்தால் போதும்.