தலாக்கிற்குப் பின் வரும் பக்கங்கள்

நமது கதைகளில் தலாக் என்ற சொல் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களிலேயே வருகிறது. அதற்குப் பிறகு ஒரு பெண் அழுகிறாள், அல்லது வாப்பா வீட்டுக்குத் திரும்புகிறாள், அல்லது இறந்துபோகிறாள். கதை முடிந்துவிடுகிறது. ஆனால் வாழ்க்கையில் அந்தச் சொல்லோடுதான் ஒரு நீண்ட கதை தொடங்குகிறது. இத்தாக் காலச் செலவு யாருடையது, பிள்ளை யாரிடம், மாதா மாதம் பணம் வருமா, வராவிட்டால் எந்தப் படியில் ஏறுவது என்ற கேள்விகளால் ஆன கதை அது. இந்தப் பக்கங்களை நமது எழுத்தாளர்கள் ஏன் எழுதாமல் விட்டார்கள் என்பதே என் கேள்வி.

நான் விமர்சகன் அல்லன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, கிராமப் பாடசாலையொன்றில் ஆரம்பப் பிரிவு படிப்பிப்பவன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே ஆசிரியனாகி, பிறகு பருத்தித்துறைக்குத் திரும்பியவன். ஒரு சிறு சம்பவமே என்னை இந்த வாசிப்புக்குள் கொண்டுவந்தது. அதில் என் பிழையும் இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புத்தளம் பக்கத்தில் நான் இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியனாக இருந்த காலம். ஒரு காலைப்பொழுதில் ஒரு தகப்பன் வந்து மகனின் விடுகைப் பத்திரத்தைக் கேட்டார். வேறு ஊருக்குப் போகிறோம் என்றார். விபரங்களை நான் எழுதினேன், அதிபர் ஒப்பமிட்டார், பிள்ளை தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு போனான். அடுத்த நாள் தாய் வந்தாள். இருவருக்கும் தலாக் ஆகி நாலு மாதம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "சேர், எந்த ஊர் ஸ்கூலுக்கு என்று அதில எழுதியிருக்கா?" என்று மட்டும் கேட்டாள். எழுதியிருக்கவில்லை. பிள்ளை யாரிடம் இருக்கவேண்டும் என்பதற்கு நீதிமன்றக் கட்டளை ஏதும் இருக்கிறதா என்று தகப்பனிடம் நான் கேட்கவுமில்லை. அப்படி ஒரு கட்டளை இருக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

அந்தத் தாயை ஏதாவது கதையில் சந்தித்திருக்கிறேனா என்று பிற்காலத்தில் தேடிப் பார்த்தேன்.

முதலில் சாரா அபூபக்கர் 1980களின் தொடக்கத்தில் கன்னடத்தில் எழுதி, 'சந்திரகிரி ஆற்றங்கரையில்' என்று தமிழுக்கு வந்த நாவல். தகப்பனின் பிடிவாதத்தால் நாதிரா கணவனிடமிருந்து பிரிக்கப்படுகிறாள். மீண்டும் அவனோடு சேரவேண்டுமென்றால் இன்னொருவனை மணந்து பிரியவேண்டும் என்கிறார்கள். பள்ளிவாசல் குளத்தில் அவள் கதை முடிகிறது. முஸ்லிம் பெண்ணொருத்தி இவ்வளவு துணிந்து எழுதியது அக்காலத்தில் பெரிய காரியம். சாரா அதற்காகப் பட்ட துன்பங்களும் சிறியவை அல்ல. எனினும் நாவலின் முழுப் பாரமும் அந்த ஒரு சொல்லின் மீதும், அதைத் திருப்பி எடுப்பதற்கான நிபந்தனையின் மீதும் இறங்கியிருக்கிறது. நாதிராவுக்கு ஒரு பிள்ளை உண்டு. குளத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளையை யாரும் பின்தொடர்வதில்லை.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) இன்னும் விரிந்த உலகம். வீட்டுக்குள்ளே பெண்கள் பேசும் பேச்சு தமிழ் நாவலுக்குள் அவ்வாறு வந்தது அதுவே முதல் தடவை என்று சொன்னாலும் மிகையாகாது. அதில் பிர்தவ்ஸ் கணவனோடு வாழ மறுத்து வீடு திரும்புகிறாள். அவளது ஆசை, தனிமை, முடிவில் நஞ்சு எல்லாம் நம்மை உலுக்குகின்றன. ஆனால் அவளது மணவிலக்கு எப்படி நடந்தது, யார் எழுதினார்கள், மஹர் என்ன ஆயிற்று என்பவை நாவலின் அக்கறைகள் அல்ல. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யில் முஸ்தபாக்கண்ணு மனைவி மரியத்தை அடிக்கும் பக்கங்களைப் படித்தால் கை நடுங்கும். அங்கும் மரியம் போய் முறையிட ஒரு வாசல் இல்லை. மீரான் அந்த வாசலை மறைத்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்து மரியத்துக்கு அது உண்மையிலேயே இல்லை. இன்றைய மரியத்துக்கு இருக்கிறது. அவளைப் பற்றிய கதைதான் இல்லை.

நான் தேடிய தாய்க்கு மிக அருகில் வருபவர் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக். அவருடைய கதைகளின் ஆங்கிலத் தொகுப்பான 'ஹார்ட் லேம்ப்' 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. அதிலுள்ள 'கரிய நாகங்கள்' என்ற கதையை வைத்து கிரீஷ் காசரவள்ளி 2004இல் 'ஹசீனா' என்ற படத்தை எடுத்தார். கணவன் கைவிட்ட பெண்ணொருத்தி, நோயுற்ற பிள்ளையோடு பள்ளிவாசலில் வந்து அமர்ந்து, முத்தவல்லியிடம் நியாயம் கேட்கிறாள். அவள் கேட்பது காதலை அல்ல, பிள்ளைகளுக்கான செலவை. பதில் வரும் முன்னர் பிள்ளை இறந்துவிடுகிறது. பானு முஷ்தாக் ஒரு வழக்கறிஞர். கணவன் சொன்ன சொல்லை விட, விண்ணப்பம் கொடுத்த பிறகு வரும் காத்திருப்பே பெண்ணைக் கொல்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நமது கதைகளில் இல்லாதது இந்த அறிவுதான்.

அந்த அறிவைத் தேடி நான் சட்டப் புத்தகத்தைப் பிரித்தேன். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை ஒரு இலக்கியப் பிரதி போல வாசித்துப் பாருங்கள். அதன் இரண்டாம் அட்டவணை கணவன் சொல்லும் தலாக் பற்றியது. அவன் காதிக்கு அறிவிக்கிறான், சமாதானத்துக்கு முயற்சி நடக்கிறது, 30 நாட்கள் கழிகின்றன, சாட்சிகள் முன் சொல்கிறான். காரணத்தை நிரூபிக்கவேண்டிய கடமை அவனுக்கு இல்லை. மூன்றாம் அட்டவணை மனைவி கேட்கும் பஸஹ் பற்றியது. அங்கே சத்தியம், சாட்சியம், காதியோடு மூன்று மதிப்பீட்டாளர்கள், விசாரணை. ஒருவனுக்கு அது அறிவித்தல். மற்றவளுக்கு அது வழக்கு. அடுத்தடுத்து வரும் இரண்டு அட்டவணைகளுக்குள் இவ்வளவு பெரிய வேறுபாட்டை எந்த நாவலாசிரியரும் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

இன்னும் படியுங்கள். காதி ஆணாக இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. திருமணப் பதிவில் மாப்பிள்ளை ஒப்பமிடுகிறான், வலி ஒப்பமிடுகிறார், மணமகளின் ஒப்பம் கேட்கப்படவில்லை. பதிவு இல்லாவிட்டாலும் நிக்காஹ் செல்லுபடியாகும் என்பது பார்வைக்கு இரக்கமான ஏற்பாடு. ஆனால் கையில் காவின் இல்லாத பெண் தான் மனைவி என்பதையே முதலில் நிறுவவேண்டியிருக்கிறது. கையில் அகப்பட்டதோடு வடக்கை விட்டு வெளியேறிய எங்கள் குடும்பங்களுக்கு ஒரு கடதாசித் துண்டின் பெறுமதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே நேரம் காதி நீதிமன்றத்தை முற்றாகப் பழிப்பதும் நியாயமல்ல. மஹர், கைக்கூலி, இத்தாக் காலத் தாபரிப்பு, பிரசவச் செலவு, பிள்ளைத் தாபரிப்பு எல்லாவற்றையும் காதியிடமே கேட்கலாம். கணவன் கொடுக்கத் தவறினால் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அபராதத்தை அறவிடுவது போல அறவிடச் சட்டம் வழி வைத்திருக்கிறது. காதி முன் சட்டத்தரணி ஆஜராக முடியாது என்பதில் ஏழைப் பெண்ணுக்குச் செலவில்லை என்ற நன்மை இருக்கிறது. ஆண்கள் மட்டும் அமர்ந்திருக்கும் அறையில் அவள் தனியாகப் பேசவேண்டும் என்ற தீமையும் இருக்கிறது. நன்மையும் தீமையும் ஒரே விதியில் கிடக்கும் இத்தகைய இடங்களில்தான் நல்ல சிறுகதை பிறக்கும் என்று நினைக்கிறேன்.

பிள்ளையின் கட்டுக்காவல் மட்டும் காதியின் அதிகாரத்தில் இல்லை. அதற்கு மாவட்ட நீதிமன்றம் போகவேண்டும். தாபரிப்புக்கு ஒரு வாசல், பிள்ளைக்கு இன்னொரு வாசல். அடி உதையென்றால் மூன்றாவது வாசல். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவானது. நீதவான் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவளே விண்ணப்பிக்கலாம், அவள் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். முதலில் 14 நாட்கள் வரையான இடைக்காலக் கட்டளையும், பின்னர் 12 மாதங்கள் வரையான பாதுகாப்புக் கட்டளையும் கிடைக்கலாம். அதற்காக விவாகரத்துக் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. பருத்தித்துறையில் நீதிமன்ற வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் மரியத்தை நினைத்துக்கொள்கிறேன்.

மாவட்ட நீதிமன்றத்தில் முஸ்லிம் பிள்ளையின் வழக்கு வரும்போது மத்ஹபின் சட்டமும் பிள்ளையின் நலனும் சேர்த்து நோக்கப்படுகின்றன. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி விபரம் தெரியும் வயது வரை பிள்ளை தாயிடம் இருக்கும். வழக்கமாக அதை ஏழு வயது என்பார்கள். அதன்பின் யாரோடு இருப்பது என்று பிள்ளையிடமே கேட்கலாம். ஏழு வயது என்பது இரண்டாம் ஆண்டு வகுப்பு. இருபது வருடமாக அந்த வயதுப் பிள்ளைகளோடு இருப்பவன் நான். காலையில் உம்மாவை வேண்டாம் என்று அடம்பிடித்தவன் இடைவேளைக்குள் உம்மாவுக்காக அழுவான். அவனிடம் பெரியவர்கள் கேட்கும் அந்தக் கேள்வியையும், அதற்கு அவன் சொல்லும் பதிலையும், அந்தப் பதிலை வாழ்நாள் முழுதும் அவன் சுமப்பதையும் யார் எழுதியிருக்கிறார்கள்?

இது முஸ்லிம்களின் குறை மட்டுமல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். எங்கள் அயலவரான யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட வழக்கம் அது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் விட்டுப் போய்விட்டால் மாவட்ட நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதத்தைக் கேட்டு நிற்கவேண்டும். சீதனக் காணியின் உறுதி கையிலிருந்தும் பயனில்லாத பெண்ணும், காவின் கையிலில்லாத பெண்ணும் ஒரே பஸ்ஸில் நீதிமன்றம் போகிறார்கள். இந்த இருவரையும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வைத்து ஒரு கதை எழுத வடக்கில் யாருக்கும் தோன்றவில்லையே என்பது என் ஆதங்கம்.

ஏன் எழுதவில்லை? ஒரு காரணம் பயம். நமது குறையை நாமே எழுதினால் அது வெளியாரின் கையில் கல்லாகும் என்று நினைக்கிறோம். 2019க்குப் பிந்திய இலங்கையில் அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் மௌனத்தின் விளைவையும் பார்க்கவேண்டும். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009இல் நியமிக்கப்பட்டது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018இல், அதுவும் இரு பிரிவாக. 2021இல் காதி நீதிமன்ற முறையையே நீக்குவதென்று அமைச்சரவை தீர்மானித்தது. அதற்குப் பிறகும் ஆண்டுகள் கடந்தன. திருத்துவதா, நீக்குவதா, தொடாமல் விடுவதா என்று ஆலிம்களும் சட்டத்தரணிகளும் அரசியல்வாதிகளும் பேசிய அளவுக்கு அந்த வாசலில் காத்திருந்தவளின் பேச்சு நம் காதுக்கு வரவில்லை. அதைக் கேட்கச் செய்வது இலக்கியத்தின் வேலை.

இன்னொரு காரணம், அந்தச் சொல்லில் நமக்குள்ள மயக்கம். இந்தியாவில் மூன்று தலாக்கைத் தண்டனைக்குரியதாக்கிய 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிழைப்பூதியம் பற்றியும் பிள்ளைகளின் கட்டுக்காவல் பற்றியும் பிரிவுகள் உண்டு. ஆதரித்தவரும் எதிர்த்தவரும் பேசியதெல்லாம் அந்தச் சொல்லையும் 3 ஆண்டுச் சிறையையும் பற்றித்தான். அரசியல்வாதியின் பார்வை விழும் இடத்திலேயே கதாசிரியரின் பார்வையும் விழுமானால் கதாசிரியர் எதற்கு?

நாம் ஓதும் வேதம் அப்படிச் செய்யவில்லை. குர்ஆனில் தலாக் என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. அதன் முதல் ஏழு வசனங்களில் பேசப்படுவது பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குப் பிறகான காலம்: அவள் தங்கும் வீடு, இத்தா, சாட்சி, கர்ப்பிணிக்கான செலவு, பாலூட்டுவதற்கான கூலி, வசதிக்கேற்பக் கொடுத்தல். கணவனைப் பற்றி முறையிட்டு வாதாடிய பெண்ணின் பெயராலும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. முஜாதலா என்றால் தர்க்கிப்பவள் என்று சிறு வயதில் ஓதிய எல்லோருக்கும் தெரியும். அவளது முறைப்பாடு கேட்கப்பட்டது என்பதே அங்கு முதற் செய்தி. அந்த வாதாட்டத்தை ஓதி வளர்ந்த நாம், நமது கதைகளில் பெண்ணைக் குளத்துக்கும் நஞ்சுக்கும் அனுப்பிவிட்டுப் பேனாவை மூடிவைக்கிறோம்.

சட்டக் கைநூலைக் கதையாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி எழுதினால் அது கதையாகாது. தாபரிப்புப் பணம் வராத மாதத்தில் அடுப்படியில் என்ன நடக்கிறது, மதிப்பீட்டாளர் மூவருக்கு முன் படுக்கையறைச் சங்கதியைச் சொல்லும்போது ஒரு பெண் எந்தச் சொல்லை விழுங்குகிறாள், தகப்பன் புதிதாகச் சேர்த்த பாடசாலையில் ஒரு பிள்ளை தன் உம்மாவின் பெயரை எந்த நிரலில் எழுதுகிறது என்பவற்றை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அப்படி ஒரு கதையை முன்பே படித்திருந்தால், அந்தக் காலையில் அந்தத் தகப்பனிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

இப்போது விடுகைப் பத்திரம் கேட்டு யார் வந்தாலும் தாய் எங்கே, தகப்பன் எங்கே, நீதிமன்றக் கட்டளை உண்டா என்று கேட்கிறேன். சிலர் கோபிக்கிறார்கள். அந்தப் பையனுக்கு இப்போது இருபது வயது கடந்திருக்கும். அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.